கண்டவர் யார்?

2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. கோணேசபுரியிலுள்ள வளாகத்தில், விரிவுரையாளர் அறையிலே தேநீர் வேளை முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது. மார்ச் 8ஆம் நாள் அதிகாலையில் கோலாலம்பூரிலிருந்து பீஜிங்குக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் 239 பேருடன் காணாமற் போயிருந்தது. அது தியாகோ கார்சியாத் தீவில் இறக்கப்பட்டுவிட்டது என்றார் ஒருவர். விமானியே கடலுக்குள் கொண்டுபோய் விட்டார் என்றார் மற்றொருவர். கடத்தியவர்கள் அதனை மத்திய ஆசியாவில் மறைத்து வைத்திருக்கின்றனர் என்றார் மூன்றாமவர். நானும் சும்மா இருக்கவில்லை. மின்சுற்றில் தீப்பற்றியதால் விமானி திரும்ப முயன்றிருக்கலாம் என்று ஒரு விளக்கத்தை, படம் வரைந்து காட்டாத குறையாக எடுத்துரைத்தேன். கேட்டவர்கள் தலையாட்டினர். அத்தலையாட்டலிலே ஓர் இன்பம் இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியபோது அப்பா ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தது. கையெழுத்தைக் கண்டதுமே அது யாருடையது என்று அறிந்துகொண்டேன். பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்த கடிதங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அன்றைக்கு அதனைப் படித்துவிட்டு என்னால் உணவருந்த முடியவில்லை. அதன் காரணத்தைக் கூறுவதற்கு 1998ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது.

அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் பிற்பகல், லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 விமானமொன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்டது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர், ஆக 55 பேர் அதில் இருந்தனர். புறப்பட்ட சிறிது நேரத்துள் விமானத்தின் உள்ளழுத்தம் குறைந்துவிட்டதாக விமானி அறிவித்தார். அதன்பின் ரேடார் திரையிலிருந்து அது மறைந்தது. பயணிகள் யாவரும் தமிழர். யாழ்ப்பாணத்துக்கான தரைவழி போரினால் மூடப்பட்டிருந்த காலம் அது. வான்வழியும் அன்றோடு பொதுமக்களுக்கு அடைபட்டுப் போக, எஞ்சியிருந்தது திருகோணமலைத் துறைமுகமும் அங்கிருந்து வடக்கே செல்லும் கப்பலுமே.

எங்கள் வீடு உட்துறைமுக வீதிக்கு அண்மையில் இருந்தது. அப்பா ஒரு சிறு தேநீர்க்கடை வைத்திருந்தார். கப்பலுக்காக நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் காத்திருந்த யாழ்ப்பாணத்து மக்கள் பெட்டி படுக்கைகளுடன் அக்கடையின் வாங்குகளிலே அமர்ந்திருப்பர். பெயர்ப் பதிவு, பாதுகாப்பு அனுமதி, சோதனை, மீண்டும் பதிவு என அவர்களது நாள்கள் கழிந்தன. காத்திருப்போர் வேறென்ன செய்வர்? பேசினர். விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது என்றனர் சிலர். இல்லை, வன்னிக் காட்டுக்குள் இறக்கப்பட்டுப் பயணிகள் உயிருடன் இருக்கின்றனர் என்றனர் வேறு சிலர். இயந்திரக் கோளாறு என்போரும், படையினரின் தவறு என்போரும் இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் முதல் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டிருந்தது. வன்னிக்குள் சென்று பார்த்து எழுதக்கூடிய செய்தியாளரும் அரியர். செய்தி வரும் வாசல் அடைபட்டால் வதந்தி கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்கும் என்பதை அக்கடையிலே நான் கண்ணாரக் கண்டேன்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்கு வரும் எந்தக் கதைக்கும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "ஆர் கண்டது?" அநேகமான கதைகள் அக்கேள்வியோடு தேநீர்க் கோப்பைக்குள்ளேயே அடங்கிவிடும். 

அவர் கடையில் இல்லாத ஒரு பகற்பொழுதில், பாரவூர்திச் சாரதி ஒருவர் புல்மோட்டைப் பக்கம் யாரோ ஒருவர் அன்று மாலை தாழப் பறந்த விமானமொன்றின் சத்தத்தைக் கேட்டாராம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். கடையின் மூலையில் ஓர் ஆசிரியை அமர்ந்திருந்தார். கொழும்பிலிருந்து ஊர் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்தவர். எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா அவருக்கு இடம் கொடுத்திருந்தார். அவருடைய ஒரே தம்பி அவ்விமானத்திலே வந்தவன். தம்பியை அழைத்துச் செல்லவே இரத்மலானையில் அவர் அன்று காத்து நின்றிருக்கிறார்.

"அவர் என்ன தம்பி சொல்லிப்போட்டுப் போறார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: "புல்மோட்டையில ஒரு ஆள் பிளேனைக் கண்டவராம் ரீச்சர்."

'கேட்டார்' என்பது எனது வாயிலே 'கண்டார்' ஆயிற்று. அவர் முகத்தில் ஓர் ஒளி படர்ந்தது. அந்த ஒளியை நான்தான் ஏற்றினேன் என்ற உணர்வு எனக்கு மயக்கத்தைத் தந்தது. அது அணைந்துவிடக் கூடாதே என்று மேலும் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றினேன்: "சில்லு வெளியில இருந்ததாம்."

சில்லு வெளியே இருந்தால் விமானம் இறங்கப் போகின்றது என்பது பொருள். சீனக்குடா விமான ஓடுதளத்துக்கு வரும் விமானங்களைப் பார்த்து வளர்ந்த சிறுவனாகிய எனக்கு அது தெரியும். எவரும் சொல்லாத, எவரும் காணாத அந்தச் சில்லு முழுக்க முழுக்க எனது கற்பனை. நான் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல நினைத்துச் சொன்னேன். எனினும் ஆறுதலின் நோக்கம் சொல்லை மெய்யாக்கிவிடுவதில்லை.

மறுவாரம் அவர் கப்பலேறிப் போனார். பின்னர் கடிதங்கள் வரத் தொடங்கின. அப்பாவின் பெயருக்கே வந்தன. 'அந்தப் புல்மோட்டை மனிதரைச் சந்தித்தீர்களா? அவர் வேறென்ன கண்டார்?' என்பதே ஒவ்வொன்றிலும் கேள்வி. அப்பா பொறுப்புள்ள மனிதர். புல்மோட்டையிலிருந்து வருவோரையெல்லாம் மறித்து விசாரித்தார். 2002இல் போர்நிறுத்தம் வந்ததும் தாமே ஒருமுறை அங்கு சென்றும் தேடினார். இல்லாத மனிதரைத் தேடி அவர் அலைந்ததைப் பார்த்துக்கொண்டு நான் பேசாதிருந்தேன். முதலில் அச்சம், பின்னர் வெட்கம், அதன்பின் காலம் கடந்துவிட்டது என்ற சாக்கு.

தேசப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தாலே அக்கதை பொருந்தாது என்பது தெளிவாகியிருக்கும். பலாலியிலிருந்து இரத்மலானை செல்லும் வழி மேற்குக் கரையை ஒட்டியது. புல்மோட்டையோ கிழக்குக் கரையில் இருப்பது. ஆனால் நம்ப விரும்பும் மனம் தேசப்படத்தைத் தேடுவதில்லை.

2012 ஒக்டோபரில், கைதான முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் அளித்த தகவலைக் கொண்டு, மேற்கே இரணைதீவுக்கு அண்மைய கடலடியில் அவ்விமானத்தின் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டறிந்தனர். அது ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டதென விசாரணையாளர் கூறினர். 2014 ஜனவரியில், மீட்கப்பட்ட உடைகளும் பொருள்களும் யாழ்ப்பாணத்திலே உறவினரின் பார்வைக்கு வைக்கப்பட்டன.

மார்ச் மாதத்து அக்கடிதத்தில் ஆசிரியை எழுதியிருந்தது இதுதான்: தாம் அந்த உடுப்புகளைப் பார்க்கப் போகவில்லை. அது வேறு விமானமாகவும் இருக்கலாம். தம்பி வந்த விமானம் சில்லு வெளியே இருக்கத் தரையிறங்கப் போனதை ஒருவர் கண்டிருக்கிறார் அல்லவா?

அன்றிரவு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குச் சொல்லி என்ன? போய் அவவிட்டச் சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் யாழ்ப்பாணம் சென்றேன். ஆசிரியை ஓய்வு பெற்றிருந்தார். தலை முற்றாக நரைத்திருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"அப்ப கண்டவர் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை ரீச்சர்."

"நீர் அப்ப எத்தினையாம் வகுப்பு?"

"ஒன்பது."

"சின்னப்பிள்ளை," என்றார். அதன்பின் அவர் என்னுடன் பேசவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். படலைவரை வந்து, நான் வெளியேறியதும் அதனைச் சாத்தினார். மன்னித்தாரா என்று நான் அறியேன். மன்னிப்பைக் கேட்டு வாங்கும் உரிமை எனக்கு இருந்ததாகவும் நான் கருதவில்லை. மேமாதம் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் கேள்வி எதுவும் இருக்கவில்லை. தம்பிக்குக் கீரிமலையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக ஒரு வரி மட்டும் இருந்தது.

இந்த அனுபவத்தால், மக்கள் பேச்செல்லாம் பொய் என்னும் முடிவுக்கு நான் வந்துவிட்டேன் என்று எவரும் கருத வேண்டியதில்லை. திருகோணமலையில் பிறந்தவன் அவ்வாறு சொல்லவும் முடியாது. பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் பகுதிகள் சுவாமிமலையின் கீழே கடலுக்குள் கிடக்கின்றன என்பது எங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செய்தி. 1956இல் மைக் வில்சன் என்னும் சுழியோடி அங்கே மூழ்கிச் செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கண்டார். அவருடைய நண்பரான ஆதர் சி. கிளார்க் அதனை நூலிலும் எழுதினார். லயன் எயர் விமானத்தைப் பற்றிக் கடை வாங்குகளிலே எழுந்த ஊகங்களுள்ளும் ஒன்று, பதினான்கு ஆண்டுகளின் பின் விசாரணையாளர் சொன்னதோடு ஒத்துப்போயிற்று.

ஆயின் வேறுபாடு எங்கே உள்ளது? கோயில் பற்றிய செய்திக்கு ஒரு மூலம் இருந்தது. இடிக்கப்பட்டதைக் கண்டவர் இருந்தனர். அவர்கள் கண்டதையே பின்னோர் காத்து வந்தனர். எனது சில்லுக்கு அத்தகைய மூலம் இல்லை. ஒத்துப்போன ஊகமும், கூறப்பட்ட அந்நாளிலே ஊகமாகவே இருந்தது. அது மெய்யானமை அதனைக் கூறியவரின் அறிவுக்குச் சான்றாகாது.

மலேசிய விமானத்தின் கதையும் இதையே உணர்த்துகின்றது. அவ்விமானம் ரேடாரிலிருந்து மறைந்த பின்னரும், காலை 8.19 வரை இன்மார்சாற் செய்மதியோடு ஏறத்தாழ மணிக்கொருமுறை தானியங்கிக் குறியீடுகளைப் பரிமாறியிருந்தது. குறியீடு சென்று திரும்ப எடுத்த நேரத்தைக் கொண்டு செய்மதியிலிருந்து அதன் தூரத்தைப் பொறியியலாளர் கணித்தனர். தூரம் மட்டும் தெரிந்தால் இடம் தெரியாது. அத்தூரத்தில் அமைந்த ஒரு வளைகோடே கிடைக்கும். அவர்கள் அந்த வளைகோட்டையே அறிவித்தனர், அதன்மேல் ஒரு புள்ளியை இட்டு 'இங்கேதான்' என்று கூறவில்லை. 1,20,000 சதுர கிலோமீற்றர் கடலடியைத் தேடியும் விமானம் கிடைக்கவில்லை. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் அதன் இறக்கைப் பகுதியொன்று கரையொதுங்கியது. 2018இல் வெளியான மலேசிய விசாரணை அறிக்கை, காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றே முடிந்தது. 'இயலவில்லை' என்ற சொல்லை அச்சிடுவதற்கும் ஒரு துணிவு வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு அத்துணிவு இருக்கவில்லை. விரிவுரையாளனாகிய பின்பும், தேநீர் வேளையிலே இருக்கவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. மூட வேண்டியதுமில்லை. அறிய விரும்புவது மனித இயல்பு. செய்தியை மறைக்கும் அதிகாரத்துக்கு முன்னே மக்கள் பேசுவது அவர்களது உரிமையும் ஆகும். ஆனால் காணாமற்போன ஒவ்வொரு விமானத்துக்கும் தரையிலே காத்திருப்போர் உண்டு. நமக்குத் தேநீர் வேளையின் சுவையாக இருப்பது, அவர்களுக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகளின் உணவாகிவிடுகின்றது.

அப்பா இப்போது இல்லை. கடை இருந்த இடத்திலே வேறு கட்டடம் எழுந்துவிட்டது. மாலை வேளைகளில் துறைமுகக் கரையோரமாக நடக்கையில், வாங்குகளிலே அமர்ந்து பேசுவோரின் குரல்கள் இன்றும் கேட்கும். நானும் சில வேளைகளில் அவர்களோடு அமர்வதுண்டு. கதை கேட்பேன். கேட்டு முடிந்ததும் அப்பாவின் கேள்வியைக் கேட்பேன். பலர் சிரிப்பர், சிலர் சினப்பர். அக்கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொண்ட பின்னர்தான் பிறரிடம் கேட்கின்றேன் என்பதை அவர்கள் அறியார்.