ஒரு கடிதமும் ஓர் ஆண்டும்

அதிகாலைத் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பும் நேரம், அமெரிக்காவில் முன்னிரவு. அங்கே குடியிருக்கும் என் தங்கை அந்நேரத்தில்தான் தொலைபேசியில் அழைப்பாள். 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒருநாள் அவளுடைய குரல் கம்மியிருந்தது.

"காக்கா, பிள்ளை முகத்தில் சிரிப்பே இல்லை. நாள்தோறும் பயிற்சிக்குப் போகிறான். போட்டி நாளில் மட்டும் ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள்."

"என்ன குற்றம் செய்தான்?"

"குற்றம் ஒன்றுமில்லை. கல்லூரி மாறினான், அவ்வளவுதான்."

அவளுடைய மகன் கூடைப்பந்து ஆட்டக்காரன். அந்த ஆட்டத்தின் பேரில் கிடைக்கும் உதவித்தொகையில்தான் கல்லூரியில் படித்துவந்தான். நானோ கலைப் பட்டம் பெற்று மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன்; கூடைப்பந்தைக் கையால் தொட்டதும் இல்லை. என்றாலும், படிக்கும் பிள்ளை இடம் மாறியதற்கு ஏன் தண்டனை என்பது எனக்கு விளங்கவில்லை. அவனையே கேட்டேன். "மாமா, அது தண்டனை இல்லையாம், என் நன்மைக்காகவாம்" என்று கசப்புடன் தொடங்கி, சட்டதிட்டங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டை நெறிப்படுத்தும் அமைப்பு 1906ஆம் ஆண்டு தோன்றியது. என்.சி.ஏ.ஏ. என்ற எழுத்துகளால் அதை அழைக்கிறார்கள். அதன் முதல் தரப் பிரிவில் ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுக் காலம் உண்டு; அதற்குள் நான்கு போட்டிப் பருவங்கள் ஆடிக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து போன்ற பெரும் வருவாய் தரும் ஆட்டங்களில், ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர் புதிய இடத்தில் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் நெடுங்காலம் இருந்தது. பயிற்சி செய்யலாம், உதவித்தொகை பெறலாம், களத்தில் இறங்க மட்டும் கூடாது. புதிய இடத்தில் மாணவர் படிப்பில் ஊன்றிக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

2018 அக்டோபருக்கு முன்பு இன்னொரு தடையும் இருந்தது. மாற விரும்பும் மாணவரிடம் வேறு கல்லூரி பேசுவதற்கே பழைய கல்லூரியின் இசைவு வேண்டும். இசைவு மறுக்கப்பட்டால், போகும் இடத்தில் முதலாண்டு விளையாட்டு உதவித்தொகை கிடைக்காது. அந்த அக்டோபரில்தான் மாறுதல் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. மாணவர் எழுதிக் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் அவர் பெயரைக் கல்லூரி அதில் சேர்த்தாக வேண்டும். பின்னர் 2021 ஏப்ரலில், முதல்முறை மாறுவோர் எந்த ஆட்டமானாலும் காத்திராமல் ஆடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இரண்டாம் முறை மாறினால் மட்டும் காத்திருக்க வேண்டும். சிறப்பு விலக்கு கேட்டுப் பெற்றால் ஒழிய.

என் தங்கை மகன் மாறியது இரண்டாம் முறை. அவனைத் தேடி அழைத்துச் சேர்த்த பயிற்சியாளர், அதிகச் சம்பளம் தந்த வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாய் வந்தவருக்கு இவன் வேண்டாதவன் ஆனான்.

"அந்தப் பயிற்சியாளரும் ஓராண்டு காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டேன்.

"அவர் போன அந்தப் பருவமே அங்கே பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிட்டார், மாமா."

அந்தப் பதில் என்னை உலுக்கியது. அதற்குக் காரணம் அமெரிக்காவில் இல்லை. என் வகுப்பறையில் இருந்தது.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் ஓதிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், தன் ஊருக்கு அருகிலுள்ள வேறொரு மதரஸாவில் சேர விடுவிப்புக் கடிதம் கேட்டான். அவன் வாப்பா நோயுற்றிருந்தார். கடிதம் கொடுக்கும் பொறுப்பு அப்போது என் கையில் இருந்தது. "நடு ஆண்டில் போனால் படிப்புக் கெட்டுவிடும், ஆண்டு முடியட்டும்" என்றேன். கேட்பவர்களுக்கு அது அறிவுரையாகத்தான் பட்டிருக்கும். ஆனால், வகுப்பிலேயே மிக அழகாக ஓதுபவன் அவன். ஆண்டு விழா நெருங்கிக் கொண்டிருந்தது. அவன் இல்லாவிட்டால் என் வகுப்பின் பெயர் மங்கிவிடுமே என்பதுதான் என் மனத்தில் இருந்த எண்ணம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் கடிதமில்லாமலே ஊருக்குப் போனான். கடிதமில்லாமல் அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு கடையில் வேலைக்கு நின்றுவிட்டான்.

பல ஆண்டுகள் கழித்து அவரை அந்தக் கடையில் சந்தித்தேன். "உஸ்தாத், உட்காருங்கள்" என்று நாற்காலி போட்டுத் தேநீர் வரவழைத்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தேநீர்தான் தொண்டையில் இறங்க மறுத்தது.

ஆகவேதான், "மாணவரின் நன்மைக்காக" என்று யாரேனும் அவரைத் தடுத்து நிறுத்தும்போது, அந்தத் தடையால் உண்மையில் நன்மை அடைபவர் யார் என்று நான் இப்போது கேட்கிறேன். அதே கேள்வி அமெரிக்க நீதிமன்றத்திலும் எழுந்தது. 2023 டிசம்பரில் ஓஹையோ, மேற்கு வர்ஜீனியா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் அந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. ரேகுவான் பேட்டில் என்னும் கூடைப்பந்து ஆட்டக்காரரின் நிலை அதில் முன்வைக்கப்பட்டது. வாஷிங்டனிலிருந்து மொன்டானாவுக்கும், அங்கே தம் பயிற்சியாளர் விலகிச் சென்றபின் மேற்கு வர்ஜீனியாவுக்கும் மாறியவர் அவர். அவருக்கு விலக்கு மறுக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 13 அன்று நீதிபதி ஜான் பிரெஸ்டன் பெய்லி அந்த விதிக்கு 14 நாள் இடைக்காலத் தடை விதித்தார். சில நாட்களிலேயே அந்தத் தடை, பருவம் முடியும் வரை நீட்டிக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அந்த அமைப்பே விதியைத் திருத்தியது: படிப்பில் தகுதியுடையோர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். மே மாத இறுதியில் ஏற்பட்ட உடன்பாடு, 2019-20 முதல் அந்த விதியால் ஆட முடியாமல் போனவர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு ஆடும் தகுதியையும் அளித்தது.

அந்த டிசம்பரில் என் தங்கை மகனும் களமிறங்கினான். தங்கை மகிழ்ச்சியில் அழுதாள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஆசிரியனாயிற்றே, ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, இரண்டு ஆண்டில் எத்தனை கிரெடிட் சேர்த்தாய்? புதிய கல்லூரி எத்தனையை ஏற்றது?"

சற்று நேரம் பதில் இல்லை. 62 சேர்த்திருந்தான், 50 மட்டுமே ஏற்கப்பட்டிருந்தன. பட்டத்துக்கு 120 வேண்டும். "படிப்பில் தகுதி" என்பது வெறும் பேச்சன்று. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 விழுக்காடும், நான்காம் ஆண்டு முடிவில் 80 விழுக்காடும் முடித்திருந்தால்தான் அடுத்த பருவம் ஆடலாம். முதற்படியான 48ஐ அவன் இரண்டே கிரெடிட்டில் தாண்டியிருந்தான். அடுத்த படி 72. இன்னொரு முறை மாறியிருந்தால் கணக்கு என்னவாகியிருக்கும்?

மாறுதல் பதிவேட்டில் பெயர் சேர்க்க இரண்டு நாள் போதும். விட்டுப்போன பாடத்தை மீண்டும் படிக்க அரையாண்டு ஆகும். ஆட்டக்காரனை அழைப்பதற்குப் பலர் வருகிறார்கள். மாணவனின் பாடக்கணக்கை உட்கார்ந்து பார்ப்பதற்கு ஆள் குறைவு. பூட்டிவைப்பது அநீதி என்று உணர்ந்த நான், திறந்துவிட்டதோடு கடமை தீர்ந்துவிடாது என்பதையும் அன்று உணர்ந்தேன்.

அவன் பிறகு கல்லூரி மாறவில்லை. இழந்த 12 கிரெடிட்டுக்கு ஈடாக ஓர் அரையாண்டு கூடுதலாகப் படித்து, 2025 டிசம்பரில் பட்டம் பெற்றான். "மாமா, ஆடியது நினைவில் இருக்கும், இது கையில் இருக்கும்" என்று படம் அனுப்பியிருந்தான்.

இப்போது எங்கள் மதரஸாவில் ஒரு பிள்ளை கடிதம் கேட்டால் அன்றைக்கே எழுதிவிடுகிறேன். எழுதிய கடிதத்தை அவன் கையில் கொடுத்தபின், பக்கத்தில் உட்கார வைத்து, "இங்கே எதுவரை ஓதியிருக்கிறாய்? அங்கே எதிலிருந்து தொடங்குவார்கள்? விசாரித்தாயா?" என்று கேட்கிறேன். சில பிள்ளைகள் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். சிலர் விசாரித்துவிட்டு, கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறார்கள்.