ஒரே பேழை, பல அறைகள்

ஆயர் இல்லத்தில் ஆவணக் காப்பகம் ஒன்று இருத்தல் வேண்டும், அது பூட்டப்பட்டிருத்தல் வேண்டும், அதன் திறவுகோல் ஆயரிடமும் சான்சலரிடமும் மட்டுமே இருத்தல் வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. அத்துடன் அது நிற்கவில்லை. அக்காப்பகத்தினுள்ளேயே, எவரும் அசைத்து எடுத்துச் செல்ல இயலாத இரகசியப் பெட்டி ஒன்றேனும் வேண்டும் என்று 489-ஆம் எண்ணும், அதன் திறவுகோல் ஆயர் ஒருவரிடமே இருக்கலாம் என்று 490-ஆம் எண்ணும் கூறுகின்றன. குருமடத்தில் இவ்விதிகளைப் படித்த நாளில், பூட்டுக்குள் இன்னொரு பூட்டு எதற்கு என்று நம்முள் சிலர் நகைத்ததுண்டு. கணிப்பொறி வல்லுநர்கள் இன்று பெரும்பாடுபட்டுக் கட்டியெழுப்புவதும் ஏறக்குறைய இதையேதான்.

நம் பங்கு அலுவலகத்தில் கணிப்பொறி ஒன்று உண்டு. பழைய திருமுழுக்கு ஏடுகளைக் கரையான் தின்னத் தொடங்கியபடியால் அவற்றின் படி அதில் ஏற்றப்பட்டது. பங்கின் இணையதளத்தையும் திருவிழா நிழற்படங்களையும் அதே கணிப்பொறிதான் தாங்குகிறது. ஏட்டிற்கென்று தனிக் கணிப்பொறி வாங்க நிதிக்குழுவினர் இசையவில்லை. பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் மறுப்பின்றி இசைகிறவர்கள்தாம்!

திருமுழுக்கு ஏட்டில் வெறும் பெயரும் நாளும் மட்டுமே இருப்பதாக நம் மக்கள் எண்ணுகின்றனர். மணமாகாத தாயின் குழந்தையையும் தத்தெடுக்கப்பட்ட குழந்தையையும் எவ்வாறு பதிவு செய்ய வேண்டும் என்று 877-ஆம் எண் தனியே வகுத்துரைக்கிறது. ஆகவே, ஊர் மறந்துவிட்ட செய்திகளை ஏடு மறப்பதில்லை. தம் பிறப்பின் வரலாற்றைத் தம் பிள்ளைகளுக்கும் சொல்லாமல், பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்து திருப்பலி காண்போர் எப்பங்கிலும் உண்டு. நிழற்படங்களைக் காட்டும் மென்பொருளில் ஓர் ஓட்டை விழுந்து, அதன் வழியே நுழையும் திருடன் அவ்வேட்டைப் புரட்டினால் என்னவாகும்? ஏடு எரிந்தால் வருந்தலாம். திறந்து போடப்பட்டால் பாழாவது ஒரு குடும்பத்தின் அமைதியன்றோ?

திருவனந்தபுரத்தில் மென்பொருள் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர், திருவிழா விடுமுறைக்கு வந்தபோது இக்கணிப்பொறியைச் சீர்செய்து தந்தார். "நிழற்பட மென்பொருள் கெட்டதென்று நான் சொல்லவில்லை, சாமி. ஒருநாள் கெட்டுப்போனால் அது எதுவரை கெடுக்கும் என்பதுதான் கேள்வி" என்றார் அவர். மனித இயல்பைக் குறித்து நாம் படித்த இறையியலுக்கு இக்கூற்று அந்நியமானதன்று.

அவர் நிறுவியது லினக்ஸ். அது யூனிக்ஸ் எனும் இயக்கமுறையின் வழியில் வந்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸில் 'ரூட்' என்ற ஒரே பயனருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஏனையோர் தத்தம் எல்லைக்குள் நிற்பவர்கள். ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும் நிரல் ஒன்று வழிதவறினால் கணிப்பொறி முழுவதும் அதன் கையில். ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்தை மட்டுமே தர வேண்டும் என்ற நெறியை 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் எனும் இருவர் எழுதி வைத்தனர். நெறி பிறந்த பின்னும் அதற்கேற்ற சுவர்கள் எழ நெடுங்காலம் ஆயிற்று.

1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 'சேஞ்ச் ரூட்' எனும் வசதி வந்தது. ஒரு நிரலிடம் ஒரு கோப்புறையைக் காட்டி, உலகமே இவ்வளவுதான் என்று நம்பவைக்கும் ஏற்பாடு அது. ஆனால் உள்ளிருக்கும் ரூட் சற்று முயன்றால் வெளியேறிவிட முடியும். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 4.0-இல் டென்மார்க் நாட்டவரான பவுல்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய 'ஜெயில்' இடம்பெற்றது. அங்கே உள்ளிருப்பவர் ரூட்டாகவே இருக்கலாம். எனினும் அண்டை அறையில் ஓடும் நிரல்களைக் காண இயலாது, கணிப்பொறியின் அடிப்படையையும் மாற்ற இயலாது. அறைக்குள் அரசர், வாசலுக்கு வெளியே ஏதுமற்றவர்.

சிறை என்றதும் நம் நாஞ்சில் நாட்டவர் நெஞ்சில் எழுவது 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற தேவசகாயம்தான். அவர் குற்றமற்றவர். இந்த ஜெயிலில் வைக்கப்படும் நிரலும் குற்றம் செய்ததன்று. ஒப்புமை அவ்வளவே, அதற்குமேல் நீட்டினால் புனிதருக்கு நியாயம் செய்தவராக மாட்டோம்.

லினக்ஸ் இதே வேலையைச் சிறுகச் சிறுகச் செய்தது. ஒவ்வொரு நிரலும் எதைக் காணலாம் என்பதை வரையறுக்கும் 'நேம்ஸ்பேஸ்' 2002 முதல் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. எவ்வளவு நினைவகமும் உழைப்பும் உண்ணலாம் என்பதை அளந்து கொடுக்கும் 'சிகுரூப்' 2008-இல் இணைந்தது. இவற்றையெல்லாம் எளிய கட்டளைகளுக்குள் அடக்கி 2013-இல் வந்ததே டாக்கர். அதன் பின்னரே 'கண்டெய்னர்' எனும் சொல் எங்கும் பரவிற்று.

அது துறைமுகத்தின் சொல். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டகங்களை ஒரே கப்பலில் ஏற்றி, அமெரிக்காவின் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய வணிகமுறை இன்று நம் எல்லையை ஒட்டிய விழிஞ்ஞம் வரை வந்து நிற்கிறது. அப்பெட்டகத்தின் பெருமை ஒரே அளவில் இருப்பதும் எந்தக் கப்பலிலும் ஏறுவதுமேயன்றிக் காவலன்று. மென்பொருள் கண்டெய்னரையும் பலர் அவ்வசதிக்காகவே விரும்புகின்றனர். காவல் தானாகவே அமைந்துவிட்டதென்று எண்ணியும் விடுகின்றனர்.

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா-3 கடலில் மூழ்கியது. கப்பலிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். அதிலிருந்த பெட்டகங்கள் 640. அவற்றுள் 13-இல் ஆபத்தான சரக்கு இருந்ததாக அறிவிக்கப்பட்டது. சின்னஞ்சிறு நெகிழிக் குருணைகள் கேரளக் கரையில் மட்டுமன்றி நம் மாவட்டக் கரையிலும் வந்து ஒதுங்கின. கட்டுமரம் ஏற்றும் மணலில் அவற்றை அள்ளியவர்களுக்கு நாம் புதிதாக விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. பெட்டகம் பூட்டப்பட்டே இருந்திருக்கலாம். கப்பல் சாய்ந்தபோது அப்பூட்டு எதற்கு உதவிற்று?

கண்டெய்னர்களிலும் நிலைமை இதுவே. ஒரு கணிப்பொறியிலுள்ள கண்டெய்னர்கள் அனைத்திற்கும் 'கெர்னல்' எனும் அடித்தளம் ஒன்றே. நோவாவின் பேழையில் அறைகள் அமைக்கும்படி இறைவன் பணித்தார். அறைகள் பலவாயினும் அடிமரம் ஒன்றுதான். அடிமரத்தில் விரிசல் விழுந்தால் அறைச் சுவர்களால் பயனில்லை. சுவர் எழுப்பும் கருவியே பழுதுபடுவதும் உண்டு. கண்டெய்னர்களை இயக்கும் 'ரன்சி' எனும் கருவியில் 2019 பிப்ரவரியில் வெளிப்பட்ட குறை, உள்ளிருக்கும் தீய நிரல் வெளியேறிக் கணிப்பொறி முழுவதையும் கைப்பற்ற வழிவிட்டது. உள்ளே ரூட்டாக இருப்பவரை வெளியே அதிகாரமற்ற சாதாரணப் பயனராக மட்டும் கணக்கிடும் ஏற்பாட்டை முறையாகச் செய்திருந்தவர்கள் அதில் தப்பினர். நம் இளைஞர் அவ்வேற்பாட்டையும் செய்து, கெர்னலைத் தவறாது புதுப்பிக்கும்படி எழுத்தரிடம் சொல்லிச் சென்றார். இணையதளம் ஓர் அறையில், நிழற்படங்கள் இன்னோர் அறையில். ஏட்டின் படி இருக்கும் அறைக்கு வலையிணைப்பே கிடையாது.

சுவர் உடைவதைக் காட்டிலும் நாம் அஞ்சுவது, வசதிக்காக நாமே வெட்டிவிடும் வாசலை. டாக்கரையே ஆளும் இணைப்பை ஒரு கண்டெய்னருக்குள் கொடுத்துவிடுவது, ஏதோ ஒன்று இயங்கவில்லை என்றதும் எல்லா அதிகாரத்தையும் அள்ளி வழங்குவது ஆகியன நாள்தோறும் நடப்பவை என்கிறார் அவர். நமக்கும் அச்சோதனை வந்தது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் மக்களுக்குத் திருமணத்திற்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. இணையதளமே ஏட்டைப் பார்த்துச் சான்றிதழைத் தந்துவிட்டால் என்ன என்று பங்குப் பேரவையில் கேட்டனர். கேட்டவர்கள் நல்லவர்கள், கேட்டதும் நியாயமானதே. பாலைவனத்தில் வேலை செய்யும் மகனுக்காக அலுவலக வாசலில் வந்து நிற்கும் தாய்மார்களை நாமும் காண்கிறோம். ஆயினும், அந்த ஒரு வாசலைத் திறந்தால் அறை என்று எதுவும் மிஞ்சாது. பேரவையில் இருவர் இன்னும் நம்மோடு உடன்படவில்லை.

அடைபட்ட கன்னியர் மடங்களின் சுவரில் சுழலும் பெட்டி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து ஒருவர் அப்பத்தை வைத்துச் சுழற்றினால் உள்ளிருப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதில்லை. அதைப் போன்றதொரு வழியே இப்போது இங்கு நடைமுறையில் உள்ளது. வேண்டுகோள் இணையதளத்தின் வழி வரும். எழுத்தர் அதைத் தாளில் அச்சிட்டு எடுத்து, ஏட்டின் அறையைத் தனியே திறந்து தேடுவார். சான்றிதழுக்கு வேண்டிய வரிகளை மட்டும் எழுதி நம் கையொப்பத்திற்கு வைப்பார். இரண்டு மூன்று நாள்கள் ஆகின்றன. குவைத்திலிருந்து ஒருவர் இத்தாமதத்தைக் குறித்துச் சற்றுச் சினத்துடன் எழுதியிருக்கிறார். அவருக்கு இன்று மாலை பதில் எழுத வேண்டும்.