குளிர் மலையில் ஒரு மின்விசிறி

நானுஓயாவுக்குப் போகிறேன் என்றதும் அயலவர்கள் கம்பளி உடுப்பு கொண்டுபோகச் சொன்னார்கள். அந்தக் குளிரிலே ஒரு மின்விசிறி எனக்குப் பாடம் சொல்லித்தரும் என்று நான் நினைக்கவில்லை.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறியவர் என் அப்பா. அவருடைய தங்கை தோட்டத்திலேயே இருந்துவிட்டார். போரும் இடப்பெயர்வும் எங்களை நெடுங்காலம் பிரித்து வைத்தன. 2024 மாசி மாதத்தில்தான் அத்தையைப் பார்க்கப் புறப்பட்டேன். கண்டியில் பஸ் மாறி, ஹட்டன், தலவாக்கலை என்று ஏற ஏறத் தேயிலைப் பச்சை கண்ணை நிறைத்தது. தொழிற்சாலைகளைக் கடக்கும்போதெல்லாம் தேயிலை வாசம் பஸ்ஸுக்குள் வந்தது.

மறுநாள் காலையில் கை விறைத்தது. அத்தையோ லயத்துக்குப் பின்னால் இருந்த பொலித்தீன் கூடாரத்துக்கு என்னை அழைத்துப் போனார். உள்ளே குடைமிளகாய் காய்த்திருந்தது. மேலே ஒரு சிறிய மின்விசிறி. அதற்குப் பக்கத்துக் கூரையில் ஒரு சூரிய மின்தகடு.

“இந்தக் குளிருக்கு விசிறியா அத்தை?” என்று சிரித்தேன்.

“மத்தியானம் வாம்மா, காட்டுறேன்” என்றார்.

நண்பகலில் விசிறியின் வயரைக் கழற்றிவிட்டார். சிறிது நேரத்தில் என் முகம் வியர்த்தது. பொலித்தீன் வெயிலை உள்ளே விடும்; சூடான காற்றை வெளியே விடாது. 32 பாகைக்கு மேல் போனால் குடைமிளகாய்ப் பூக்கள் உதிரத் தொடங்கும். ஈரக்காற்று தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

அத்தை முதலில் வீட்டு மின்சாரத்தில்தான் விசிறி போட்டிருந்தார். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது அந்தப் போகம் கருகிப்போனது. அதற்குப் பிறகே சூரிய மின்தகடு வாங்கினார். 12 வோல்ட் விசிறியை நேரே தகட்டில் இணைத்திருக்கிறார். மின்கலம் இல்லை. வெயில் ஏற விசிறி வேகமாகச் சுற்றும். முகில் மூடினால் மெதுவாகும். அப்போது சூடும் குறைவுதானே!

“கொழுந்து வாட்டுறதும் காத்துதான்மா. ஸ்டோருல பார்த்ததுதான்” என்றார். தொழிற்சாலையில் பறித்த கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, பெரிய விசிறிகளால் மணிக்கணக்கில் காற்று விட்டே ஈரத்தைக் குறைக்கிறார்கள்.

எனக்கு என் கோழிக்கூடு நினைவுக்கு வந்தது. முந்திய ஆண்டு சித்திரை வெயிலில், வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கோழிகளில் பதினொன்று ஒரே பகலில் செத்தன. நாய்க்குப் பயந்து நாலு பக்கமும் தகரம் அடித்தவள் நான்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாய் பிளந்து மூச்சுவிட்டுத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில்லாத இடத்தில் அது என்ன செய்யும்?

ஊருக்குத் திரும்பியதும் பக்கத் தகரங்களைக் கழற்றிக் கம்பிவலை அடித்தேன். கூரைத் தகரத்தின் மேல் கிடுகு பரப்பினேன். பிறகு சீட்டுக்காசில் ஒரு தகடும் விசிறியும் வாங்கினேன்.

சகோதரிகளே, செய்ய நினைப்பவர்கள் இவற்றைக் கவனியுங்கள். தகட்டை எங்கள் நாட்டில் தெற்குப் பார்த்துச் சற்றுச் சரிவாக வையுங்கள். ஒரு கிளையின் நிழல்கூட விழக்கூடாது. விசிறியின் வோல்ட் அளவும் தகட்டின் அளவும் பொருந்துமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கூடாரத்தில் விசிறி மேலே இருந்து சூட்டை வெளியே தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் கீழே காற்று நுழைய அகலமான வழி வேண்டும். கோழிக்கூட்டிலோ காற்று கோழிகளின் மேல் பட வேண்டும். விசிறி வெளிக்காற்றை விடக் குளிர்ச்சி தராது. ஆகவே வன்னி வெயிலுக்கு நிழலும் குளிர்ந்த தண்ணீரும் முதலில். விசிறி அதற்குப் பிறகு.

அந்தச் சித்திரையில் என் கோழிகள் வாய் பிளந்தன. ஆனால் ஒன்றும் சாகவில்லை. அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “முட்டை கொண்டு வாம்மா” என்றார்.