தண்ணீரும் வெந்நீரும்

தண்மையுடைய நீரே தண்ணீர். வழக்கில் அப்பொருள் தேய்ந்து, இன்று எந்த நீரையும் தண்ணீர் என்கிறோம். ஆழ்நீரில் மூழ்கப் பழகிய ஆசிரியர்களாகிய எங்கள் இருவருக்கு, அச்சொல்லின் பழம்பொருளை நினைவூட்டியவை இரண்டு நீர்நிலைகள்.

ஒன்று, அந்தமானின் ஹேவ்லாக் தீவுக் கடல். 2018இல் அத்தீவு சுவராஜ் தீப் எனப் பெயர் மாறியது. நீரின் வெப்பம் ஏறத்தாழ 28 பாகை செல்சியசு. மெல்லிய ரப்பர் உடையும் முதுகில் காற்று சிலிண்டரும் போதும். சற்று நேரத்தில் உடல் மறந்துபோகிறது. கண் மட்டுமே மிஞ்சுகிறது. கடற்சாமந்தியின் கைகளுக்குள் ஒளியும் கோமாளி மீனை எவ்வளவு நேரமும் பார்க்கலாம் எனத் தோன்றும். ஆனால் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் உடற்சூட்டைக் கவர்வது. ஒரு மணி நேரம் கழிந்தால் அங்கும் நடுக்கம் வரும்.

மற்றொன்று, ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா. வட அமெரிக்க, யூரேசியப் புவித்தட்டுகள் விலகும் இடத்தில் அமைந்த பிளவு. பனிமலை உருகிய நீர் எரிமலைப் பாறையினூடே பல பத்தாண்டுகள் வடிந்து அதனை நிறைக்கிறது. ஆண்டு முழுதும் 2 முதல் 4 பாகை. கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர்புகா வண்ணம் இறுகும் உலர் உடை, உள்ளே கம்பளி. அப்படியும் உதடு மரத்தது. கையுறைக்குள் விரல்கள் பிறருடையவை போலாயின. மூச்சுக்கருவி உறைந்தால் காற்று நில்லாது பீறிடும். ஆகவே ஒவ்வொரு மூச்சையும் உணர்ந்தே இழுத்தோம். 100 மீட்டருக்கு அப்பாலும் தெளிவு. ஆனால் மீன் அரிது, பாறையில் பச்சைப் பாசியே உயிரின் அடையாளம்.

குளிர்நீர் மூழ்குபவரைச் சோதிக்கிறது. அச்சோதனைக்கு உடையும் பயிற்சியும் விடையாகின்றன. வெப்பக் கடலில் சோதனைக்கு உள்ளாவது நாமல்லோம், பவளம். வழக்கமான கோடை வெப்பத்தினும் ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, தனக்கு உணவூட்டும் நுண்பாசியை அது வெளியேற்றி வெளுக்கிறது. 1998இலும் 2010இலும் அந்தமான் பவளங்கள் அவ்வாறு வெளுத்தன. அணிந்துகொள்ள அதற்கு ஓர் உடையில்லை. விலகிச் செல்லக் காலுமில்லை.

அந்த ஒரு பாகையை நம் தோல் அறியாது. நமக்கு அது தண்ணீரே, பவளத்துக்கோ வெந்நீர்.