ஆழ்கடலின் அடுப்பு

பழையது பழுதுறாதிருக்கவே புதுக் கைப்பேசி வாங்க எண்ணியிருந்தோம். அதன் ஒலிபெருக்கியில் நியோடிமியம் என்னும் அருமண் தனிமம் உண்டு. கடலடி எரிமலை வெந்நீர் ஊற்றுகள் உமிழும் இரும்புத் துகள்கள், கடல்நீரிலுள்ள இத்தகைய தனிமங்களை ஈர்த்துப் பசிபிக் கடற்சேற்றில் சேர்க்கின்றன என 2011-இல் ஜப்பானிய அறிஞர்கள் உரைத்தனர்.

அவ்வூற்றுகளை 1977-இல் கலாபகோஸ் அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் கண்டவர்கள் தேடியது வெந்நீரை, கண்டதோ உயிரையும். கதிரொளி எட்டாத இருளில், வாயற்ற குழாய்ப் புழுக்கள் தம்முள் உறையும் நுண்ணுயிர்கள் ஆக்கித் தரும் உணவால் வாழ்கின்றன.

அத்தகைய ஊற்றுப் படிவுகளில் செம்பும் பொன்னும் அகழ, 2011-இல் பாப்புவா நியூ கினி உரிமம் வழங்கியது. அகழ்வு தொடங்குமுன்னே, 2019-இல் அந்நிறுவனம் நொடித்தது. புழுக்கள் பிழைத்தன, நம் ஆசை பிழைத்திருக்கிறதே!

பேராசையைக் கண்டித்து மறையுரை ஆற்றும் நாம், பழைய கைப்பேசியையே மீண்டும் சட்டைப்பையில் இட்டுக்கொண்டோம்.