கல்லுப்பில் குடியிருப்பவை

பெரணமல்லூரிலிருந்து வந்தவாசி, திண்டிவனம் வழியாகக் கிழக்கே போனால் மரக்காணம். எங்கள் பக்கத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் உப்பளம் அதுதான். தையில் பாத்தி திருத்த ஆரம்பிப்பார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்போடு வரும் கடல்நீர், பாத்தி மாறி மாறிக் காய்ந்து, கடைசிப் பாத்தியில் 300 கிராமைத் தாண்டிவிடும். அடர்த்திமானியில் மூன்றரை டிகிரி காட்டி நுழைந்த தண்ணீர் 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு விழும். அந்தத் தண்ணீரில் மீன் கிடையாது, புழு கிடையாது. பார்த்தால் செத்த தண்ணீர். ஆனால் அதில் ஒரு மில்லிலிட்டருக்குள் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன.

*

உப்பு முற்ற முற்றப் பாத்தி நீர் இளஞ்சிவப்பாகி, பிறகு செந்நிறமாகும். இதற்குக் காரணம் இரண்டு கூட்டம். ஒன்று துனாலியெல்லா சலினா என்ற ஒற்றைச்செல் பாசி. உடம்பு முழுக்க பீட்டா கரோட்டின், கேரட்டில் இருக்கும் அதே நிறமி. இன்னொன்று ஹாலோபாக்டீரியம் போன்ற உப்புவிரும்பி நுண்ணுயிர்கள். கொளுத்தும் வெயில் தங்கள் செல்லைச் சிதைக்காமல் இருக்க அவையும் சிவப்பு நிறமியைப் போர்த்திக்கொள்கின்றன. இதனால் அளத்துக்கு ஆதாயம் உண்டு. சிவந்த நீர் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சிச் சூடேறுவதால் சீக்கிரம் ஆவியாகிறது. கூலி கேட்காமல் உப்பு விளைவிக்க உதவும் கூட்டம் இது.

*

2020 ஜூனில் மகாராஷ்டிராவின் லோனார் ஏரி ஒரேயடியாக இளஞ்சிவப்பானது. விண்கல் விழுந்து உண்டான ஏரி அது. நீர் உப்பும் காரமும். படங்கள் நாடெங்கும் பரவின. தண்ணீரைச் சோதித்த புனே அகார்கர் ஆராய்ச்சி நிறுவனம், உப்புவிரும்பி ஆர்க்கியாக்கள்தான் காரணம் என்று சொன்னது. ஏரியில் நீர் வற்றி உப்பு ஏறியதும் அவை பெருகிவிட்டன.

*

ஆர்க்கியா என்பது பாக்டீரியா அல்ல. 1977இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க அறிவியலாளர், மரபணுச் சான்றை வைத்து இவற்றைத் தனிக் குலமாகப் பிரித்தார். ஹாலோபாக்டீரியம் அதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்டதால், பெயரில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

*

உப்பு எப்படிக் கொல்கிறது? செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. ஊறுகாய் கெடாமல் இருப்பது அதனால்தான். உப்புவிரும்பிகள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கின்றன.

துனாலியெல்லா, செல்லுக்குள் கிளிசராலைத் தயாரித்து நிரப்பிக்கொள்ளும். உள்ளும் புறமும் சமமாகிவிட்டால் நீர் வெளியேறாது.

ஹாலோபாக்டீரியம் உப்பையே உள்ளே விட்டுக்கொள்ளும். வெளியே சோடியம், உள்ளே பொட்டாசியம். அவ்வளவு உப்பில் சாதாரணப் புரதம் திரிந்து கட்டிபட்டுவிடும். இதன் புரதங்களோ, மேற்பரப்பு முழுக்க எதிர்மின் சுமை கொண்ட அமினோ அமிலங்களை ஏந்தி நீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அதற்குக் கொடுக்கும் விலை பெரியது: உப்பு குறைந்தால் அந்தப் புரதங்கள் நிலைகுலையும். நல்ல தண்ணீரில் போட்டால் செல்லே வெடித்துவிடும். நம் குடிநீர் அதற்கு எமன்.

*

1980இல் ஆந்தனி வால்ஸ்பி, சினாய் தீபகற்பத்து உப்புக் குட்டையில் சதுரமான நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். நாலு மூலையும் நேராக, காகிதத்தைவிடப் பலமடங்கு மெலிதாக. பிரியும்போதும் சதுரம் சதுரமாகவே பிரிந்து, ஒட்டியபடி பரப்பாக விரிகிறது. நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தபோது, எங்கள் தெருத் தறியில் ஏறும் கட்டம் போட்ட சேலை மாதிரியே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் இதை வளர்த்தெடுக்க 2004 வரை ஆனது. ஹாலோகுவாட்ரேட்டம் வால்ஸ்பியி என்று கண்டவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

*

ஊர்க் கறிக்கடையில் ஞாயிறு மதியம் பார்க்கலாம். உரித்த ஆட்டுத்தோலைச் சதைப்பக்கம் மேலே வரும்படி விரிப்பார்கள். கல்லுப்பைக் கை நிறைய அள்ளி, கழுத்து, கால் மடிப்பு, ஓரம் என்று ஓர் இடம் விடாமல் தேய்ப்பார்கள். பிறகு மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சாயங்காலத்துக்குள் அடியில் ரத்தம் கலந்த உப்புத்தண்ணீர் வடிந்து நிற்கும்.

தோல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பு பிடிக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்கு இந்த உப்பிட்ட தோல்தான் மூலப்பொருள். சாதாரணப் பாக்டீரியா உப்பில் அடங்கிவிடும். ஆனால் உப்பளத்தில் பிறந்து, உப்போடு தோலுக்கு வந்து சேரும் கூட்டத்துக்கு அந்த அடுக்கு சொந்த ஊர் ஆகிவிடும். வெக்கையான கிடங்கில் நாள்பட்டுக் கிடந்தால் சதைப்பக்கத்தில் சிவப்புத் திட்டுகள் விழும். அவை தோலின் புரதத்தை அரித்து, பதனிட்ட பிறகும் தெரியும் குறையை விட்டுச்செல்லும்.

கருவாட்டிலும் இதே சிவப்பு வரும். இந்த ஆர்க்கியாக்களால் மனிதருக்கு நோய் வந்ததாகப் பதிவில்லை. ஆனாலும் சிவந்த கருவாடு கெடத் தொடங்கிய கருவாடு. சந்தையில் அதை ஒதுக்கிவிட்டு வாங்கும் பாட்டிமார்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

*

கல்லுப்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் தெளிவாக இருக்கும். நடுவில் பால் கலந்ததுபோல் மங்கலான பட்டை. படிகம் வளரும்போது சிறைப்பட்ட உப்புநீர்த் துளிகள் அவை. வாணலியில் கல்லுப்பு படபடவென்று வெடிப்பதும் அந்தத் துளிகள் சூடேறி வழி தேடுவதால்தான். உப்புவிரும்பிகள் அந்தத் துளிக்குள் உயிரோடு அடைபட்டுக் கிடக்கும். அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் ஆழத்திலிருந்து எடுத்த, சுமார் 30,000 ஆண்டுப் பழமையான உப்பிலிருந்து ஆர்க்கியாவை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கூடவே துனாலியெல்லாவின் செல்களும் அந்தத் துளிகளில் இருந்தன. செத்த பாசியிலிருந்து கசியும் கிளிசரால் ஆர்க்கியாவுக்கு நெடுங்காலச் சோறாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

*

உயிரே இல்லாத கடல் என்று சாக்கடலுக்குப் பெயர் வைத்தார்கள். 1936இல் பெஞ்சமின் வோல்கானி அதில் நுண்ணுயிர் வாழ்வதாக அறிவித்தார். அங்கிருந்து கிடைத்த ஹாலோஆர்குலா மாரிஸ்மோர்டுயி என்ற ஆர்க்கியாவின் ரைபோசோமை, அதாவது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறையை, அடா யோனத் படிகமாக்கினார். தாமஸ் ஸ்டைட்ஸ் குழு 2000இல் அதன் பெரிய பாதியை அணு அணுவாகப் படம் பிடித்தது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிறிய பாதியை வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவிலிருந்து எடுத்து அவிழ்த்தார். 2009 வேதியியல் நோபல் மூவருக்கும். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் மருந்துகள் ரைபோசோமில் எங்கே ஒட்டுகின்றன என்று இப்போது நமக்குத் தெரிவதில் சாக்கடல் உயிர் ஒன்றுக்கும் பங்கு உண்டு.

*

ஹாலோபாக்டீரியத்தின் மேல்சவ்வில் ஊதா நிறத் திட்டுகள் உண்டு. 1971இல் ஊஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் இருவரும் அதில் இருப்பது, நம் கண்ணில் ஒளியை வாங்கும் புரதத்தை ஒத்த ஒன்று என்று காட்டினார்கள். வெயில் பட்டால் அது புரோட்டான்களை வெளியே தள்ளி, அதிலிருந்து செல்லுக்கு ஆற்றல் தேடித்தரும். பச்சையம் இல்லாமலே வெயிலில் பிழைக்க ஒரு வழி!

*

மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிச் சதுப்புநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமானது. பூநாரைகள் வருகின்றன. அவற்றின் சிவப்பும் உப்புநீர்ப் பாசியிலிருந்தும், அதைத் தின்று வளரும் அர்ட்டீமியா போன்ற சிற்றுயிர்களிலிருந்தும் ஏறிய நிறம்.

*

மழை மாதங்களில் அளத்தில் வேலை இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. மூன்று மாத அடுப்புக்கு அது போதாது. நுண்ணுயிருக்கு வாய்த்த தகவமைப்பு அந்த உப்பில் நிற்கும் கால்களுக்கு வாய்க்கவில்லை. காலுறையும் கண்ணாடியும் நிழற்கூரையும் நாம்தான் தரவேண்டும்.

*

பாலாறு. தோலில் தேய்த்த உப்பு ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து கழிவாகிறது. அது பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும்’ என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. அந்தக் கழிவை வழக்கமான பாக்டீரியாவை வைத்துச் சுத்திகரிப்பது கடினம். உப்பு அவற்றை முடக்கிவிடும். உப்புவிரும்பிகளால் அந்த நீரில் கரைந்திருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் தின்ன முடியும். இதில் ஆய்வுகள் நடக்கின்றன. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: உப்பையே தின்று தீர்க்கும் உயிர் எதுவும் இல்லை. அழுக்கு போனாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். ஆகவே முதல் வேலை தொட்டிக்கு முன்னால்: தோலை நன்றாக உதறி ஒட்டிய உப்பைத் தனியே எடுப்பது, தேய்க்கும்போதே அளவைக் குறைப்பது. நுண்ணுயிரின் முறை அதற்கு அடுத்துத்தான்.