வாக்கும் வாய்மொழியும்

ஐரோப்பாவின் தேசப்படத்தைச் சுவரில் மாட்டியதும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் முதலில் தேடுவது இத்தாலியைத்தான். சப்பாத்துப் போன்ற அதன் உருவம் அவர்களுக்கு வேடிக்கை. அந்தச் சப்பாத்தின் மேல்விளிம்பில், மலைக்கும் கடலுக்கும் நடுவே வில்லாக வளைந்து கிடக்கும் ஒடுங்கிய கரையை யாரும் கேட்பதில்லை. அதுதான் லிகூரியா. தலைநகர் ஜெனோவா. சனத்தொகை சுமார் 15 இலட்சம்.

எனக்கு அந்தக் கரையின்மேல் பிடிப்பு வந்தது ஒரு சொல்லினால். ஜெனோவாத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனைக் 'கமாலோ' என்பார்கள். அரபியின் 'ஹம்மால்' தான் அது. கொழும்பு புறக்கோட்டையில் நாம் 'நாட்டாமை' என்று கூப்பிடுகிறோமே, அதே ஆள். அரபுச் சொல்லைத் தமிழுக்குள் வைத்துப் புழங்கும் நமக்கு, இன்னொரு கரையில் அதே காரியம் நடந்திருப்பதை அறிய ஒரு சந்தோஷம். ஃபப்ரீட்ஸியோ தெ அந்த்ரே என்ற பாடகர் 1984இல் ஜெனோவா மொழியிலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் ஒரு பாட்டு சினான் பாஷாவைப் பற்றியது. ஜெனோவாவின் சிக்காலா குடும்பத்தில் பிறந்து, உதுமானியரிடம் சிறைப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, 1596இல் சொற்ப நாட்கள் பிரதம வஸீராகவும் இருந்தவர் அவர்.

இந்த மக்களின் மனத்தாங்கல் பழையது. பல நூற்றாண்டுகள் தனிக் குடியரசாக இருந்த ஜெனோவாவை 1797இல் நெப்போலியன் முடித்துவைத்தான். அவன் வீழ்ந்த பிறகு வியன்னாவில் கூடிய வல்லரசுகள் அதைச் சார்டீனிய அரசனிடம் தூக்கிக் கொடுத்தன. ஊராரை ஒருவரும் கேட்கவில்லை. 1849இல் நகரம் கிளர்ந்தபோது அரசனின் படை பீரங்கி கொண்டு அடக்கியது. 1860இல் தொஸ்கானாவிலும் நாப்போலியிலும் இத்தாலியுடன் சேர்வதா என்று குடிசன வாக்கெடுப்பு நடந்தது. லிகூரியாவில் அதுவும் இல்லை. அது ஏற்கெனவே சார்டீனிய அரசனின் கைக்குள் இருந்ததே! 2001இல் தோன்றிய லிகூரிய சுதந்திர இயக்கம் சுட்டிக்காட்டுவது இந்தக் கணக்கைத்தான். ஆனால் விநோதம் பாருங்கள்: இத்தாலிய ஐக்கியத்தைக் கனவு கண்ட மாட்ஸினி பிறந்தது ஜெனோவாவில். கரிபால்டி ஆயிரம் பேருடன் கப்பலேறியது அதன் அருகிலுள்ள குவார்த்தோ கரையில். தம்மைக் கேளாமல் விழுங்கிய நாட்டைக் கட்டியெழுப்பியதும் அவர்களேதான். அதனாலோ என்னவோ, சுதந்திர இயக்கத்துக்குப் பெட்டியில் வாக்கு விழுவதில்லை.

தமிழில் 'வாக்கு' என்றால் சொல். தேர்தலில் போடுவதும் வாக்கு. லிகூரியருக்கு இவ்விரண்டும் பிரிந்துபோயின. 1970இல் பிராந்திய சபைகளுக்கு முதற் தேர்தல் நடந்தபோது இத்தாலியில் 100க்கு 90 பேருக்கும் மேல் வாக்களித்தார்கள். 2024 ஒக்டோபரில் லிகூரியாவில் வாக்களித்தோர் 100க்கு 46 பேர்தான்.

அந்தத் தேர்தலே அகாலத்தில் வந்தது. 2015 முதல் தலைவராயிருந்த ஜொவான்னி தோத்தி, தொஸ்கானாவில் பிறந்தவர், 2024 மே மாதம் இலஞ்சக் குற்றச்சாட்டில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு, ஜூலையில் பதவி துறந்தார். பிறகு போட்டியிட்ட முன்னணி வேட்பாளர்கள் இருவரும் மண்ணின் மைந்தர்கள்: ஜெனோவா மேயர் மார்க்கோ புச்சி, லா ஸ்பெட்ஸியாவில் பிறந்த அந்திரேயா ஓர்லாந்தோ. புச்சிக்கு 48.8 வீதம், ஓர்லாந்தோவுக்கு 47.4. மயிரிழைதான். புச்சி மேயராயிருந்த ஜெனோவா நகரமே ஓர்லாந்தோவுக்குக் கூடுதலாகப் போட்டது. மேற்கெல்லையிலுள்ள இம்பேரியா மாகாணம் புச்சியைத் தூக்கிவிட்டது. பேச்செல்லாம் வைத்தியசாலை, துறைமுகம், பெருந்தெரு பற்றி. வைத்தியசாலைக் கவலை நியாயம்தான். இத்தாலியிலேயே முதியோர் விகிதம் மிகக் கூடிய பிராந்தியம் அது. மொழியைப் பற்றிய பேச்சு ஓர் ஓரத்தில்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

மொழியின் நிலைமையோ பரிதாபம். இத்தாலிய அரசு 1999இல் 482ஆம் இலக்கச் சட்டத்தால் 12 சிறுபான்மை மொழிகளை ஏற்றது. லிகூரியன் அதில் இல்லை. ஜெனோவாவில் பாட்டன்மார் பேசுகிறார்கள், பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மொழியைப் படிப்பித்துச் சம்பளம் வாங்கும் எனக்கு, அந்தச் சிரிப்புத்தான் பயங்கரமாகப் படுகிறது. பேசத் தெரியாதது வேறு. பேசுவதைக் கேட்டுச் சிரிப்பது வேறு.

அம்மொழி உயிரோடிருப்பதைக் காணச் சார்டீனியாவுக்குப் போகவேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவை அடுத்த பெல்யி என்ற ஊரிலிருந்து பவளம் எடுக்கச் சிலர் துனிசியாவின் தபர்காத் தீவுக்குப் போய்க் குடியேறினார்கள். 1738இல் ஒரு பகுதியினர் சார்டீனியாவை அடுத்த சன் பியெத்ரோத் தீவுக்குப் பெயர்ந்து கார்லோஃபோர்த்தே என்ற ஊரை அமைத்தார்கள். தபர்காவில் எஞ்சியோரை 1741இல் துனிசிய ஆட்சியாளர் அடிமைகளாகக் கொண்டுபோனார். இது நமக்கு உவப்பான செய்தியன்று. அதற்காக எழுதாமல் விடுவதும் முறையன்று.

கார்லோஃபோர்த்தேயில் இன்று சுமார் 6,000 பேர். அவர்களைச் சுற்றிலும் வேறு மொழிக்காரர். பெல்யியின் பேச்சைத் 'தபர்க்கீனோ' என்ற பெயரில் பிள்ளைகளும் பேசுகிறார்கள். நாம் தமிழைப் பேசிக்கொண்டு, தமிழர் என்று எழுதாமல், முஸ்லிம் என்று எழுதுகிறோம். அவர்கள் ஜெனோவாவின் மொழியைப் பேசிக்கொண்டு, தாம் போய்வந்த தீவின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அந்தப் பேச்சை 1997இல் சட்டத்தில் ஏற்றது சார்டீனியப் பிராந்திய சபை. கார்லோஃபோர்த்தேக்காரர் வாக்குப் போடுவதும் அந்தச் சபைக்குத்தான்.